முப்பத்தோராம் நாள்

இரண்டு வருடம் மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு மகன் வீடு திரும்புகிறான். கன்னம் நிறைந்திருக்கிறது, கண் தெளிந்திருக்கிறது, காலையில் தானே எழுந்து குளிக்கிறான், வெள்ளிக்கிழமை அம்மாவோடு கோயிலுக்குப் போகிறான். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. இரண்டு வருடமாக ஒரு துளி ஹெராயின் உடம்பில் சேரவில்லை. நடுக்கம் இல்லை, வாந்தி இல்லை, எலும்பு நோவு இல்லை. உடம்பே கேட்காத ஒன்றை அவன் ஏன் மறுபடி தேடிப் போக வேண்டும்? ஆனால் போய்விடுகிறான், பல நேரம் ஒரு மாதத்துக்குள்ளேயே. "அவனுக்குத் திருந்தணும்னு எண்ணமே இல்ல" என்று சித்தப்பா முடித்துவிடுகிறார். பக்கத்து வீட்டில் அதையே இன்னும் கடுமையாகச் சொல்கிறார்கள்.

எண்ணம் இருந்ததா இல்லையா என்ற வாதத்தை ஓரமாக வைத்துவிட்டு, இதைக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1983இல் மலேசியா போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தது. அதே ஆண்டு வந்த சட்டம், போதைப்பித்தர் என்று உறுதியானவரை மாஜிஸ்திரேட் ஆணையின் பேரில் இரண்டு வருடம் மையத்தில் வைக்கவும், வெளியே வந்தபின் மேலும் இரண்டு வருடம் கண்காணிக்கவும் வழி செய்தது. பல்லாண்டுகளுக்கு அரசின் முக்கிய வைத்தியம் இதுதான். பிறகு 2010இல் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏஏடிகே, சுங்கை பெசியில் வேறு மாதிரியான கிளினிக் ஒன்றைத் தொடங்கியது. யாரும் பிடித்து வரத் தேவையில்லை. தானாக நடந்து வரலாம், வந்தவருக்கு மெத்தடோன் என்ற மருந்தும் கிடைக்கும். ஆக ஒரே வட்டாரத்தில், ஒரே காலத்தில், கட்டாய மையமும் விருப்ப மையமும் அருகருகே நடந்தன. ஆய்வாளருக்கு இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி அமைவதில்லை.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் அடீபா கமாருல்ஸமானும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் அடங்கிய குழு, 2012க்கும் 2014க்கும் இடையில் இரு பக்கமிருந்தும் ஆட்களைச் சேர்த்தது. கட்டாய மையத்திலிருந்து 89 பேர், விருப்ப மையத்திலிருந்து 95 பேர். எல்லாருமே ஹெராயின் வகைப் போதைக்கு அடிமைப்பட்டவர்கள். கட்டாய மையத்தில் இராணுவப் பாணி அணிவகுப்பும் உடலுழைப்பும் நடந்தன. விருப்ப மையத்தில் மெத்தடோன் கிடைத்தது. வெளியே வந்த 1, 3, 6, 9, 12ஆம் மாதங்களில் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துப் பேசி, சிறுநீரையும் சோதித்தார்கள். வாய் மறைத்தாலும் சிறுநீர் மறைக்காது.

விருப்ப மையத்துக்காரர்களில் சரிபாதிப் பேர் மறுபடி போதையைத் தொட 352 நாள் ஆனது. கட்டாய மையத்திலிருந்து வந்தவர்களுக்கு அது 31 நாள். முதல் சோதனையே ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் நடந்தது என்பதைக் கவனியுங்கள். அப்படியென்றால் அந்த 31 உண்மையில் சோதனைக் கோப்பையை நீட்டிய நாள். தொட்ட நாள் அதற்கும் முந்தையதாக இருக்கலாம்.

தானாக நடந்து வந்தவனுக்கு மனஉறுதி கூடுதலாக இருந்திருக்கும், அதனால் தாக்குப்பிடித்தான் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரு குழுவும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவை அல்ல. வயது, பழக்கத்தின் கடுமை போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் கழித்துப் பார்த்தும் விருப்ப மையத்தாருக்கு மறுவீழ்ச்சி அபாயம் 84 விழுக்காடு குறைவாகவே வந்தது. என்றாலும் மனஉறுதியைக் கணக்கில் கழிக்க முடியாது. அதற்கான விடை ஹாங்காங்கில் கிடைத்தது. கொஞ்சம் பொறுங்கள், முதலில் மூளைக்குள் போய்வருவோம்.

ஓர் ஊசல் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து ஒருவர் அதைத் தள்ளுகிறார். உள்ளே இருப்பவர் கதவு நேராக நிற்க வேண்டும் என்று எதிர்த்துத் தள்ளுகிறார். வெளியே தள்ளுவது போதைப்பொருள், உள்ளே எதிர்ப்பது மூளை. ஹெராயின் மூச்சை மெதுவாக்கும், குடலை அசையவிடாது, வலியை அமுக்கும், கண்மணியைச் சுருக்கும். மூளை ஒவ்வொன்றையும் எதிர்த்திசையில் திருத்திக்கொண்டே இருக்கும். நாளாக ஆக உள்ளிருப்பவருக்குப் பலம் கூடும். அதே அளவு ஹெராயின் இப்போது கதவை அசைக்காது, அதனால் அளவைக் கூட்டுகிறான். இதற்குத் தாங்குதிறன் என்று பெயர். ஒருநாள் பொருள் கிடைக்கவில்லை, வெளிக்கை திடீரென்று விலகுகிறது. உள்ளே தள்ளியவரின் முழுப் பலத்தில் கதவு வெளிப்பக்கம் அறைகிறது. மலம் கட்டியிருந்தவனுக்கு வயிற்றுப்போக்கு, சுருங்கியிருந்த கண்மணி விரிகிறது, மரத்திருந்த உடம்பு முழுக்க நோவு, மூக்கிலும் கண்ணிலும் நீர். விலகல் அறிகுறிகள் எல்லாமே போதையின் விளைவுகளைத் திருப்பிப் போட்டவைதான். அதனால் இவற்றை நடிப்பு என்று நினைக்காதீர்கள்.

இவை ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். மையத்தில் முதல் மாதத்திலேயே முடிந்துவிடும் வேலை இது. புதிரின் மிச்சப் பாதிதான் வீட்டை உடைக்கிறது. உள்ளிருப்பவர் கெட்டிக்காரர். வெளியில் தள்ளு விழும்வரை காத்திருப்பதில்லை, காலடிச் சத்தம் கேட்டதுமே எதிர்த்துத் தள்ளத் தொடங்குகிறார். அந்தக் காலடிச் சத்தங்களைத் தூண்டுகுறிகள் எனலாம். காப்பார் பக்கம் ஒரு பஸ் நிறுத்தம், பழைய கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் சத்தம், சம்பளம் கையில் விழுகிற நாள், சிகரெட் டப்பாவின் ஈயத்தாள். இவற்றில் ஒன்று எதிர்ப்பட்டால் போதும், ஹெராயின் உடம்பில் இல்லாமலேயே மூளை எதிர்த்துத் தள்ளிவிடும். அவனுக்கு அது கொட்டாவியாக, வியர்வையாக, வயிற்றுப் பிசைவாக, தாங்க முடியாத ஏக்கமாக வருகிறது. மையத்தின் நான்கு சுவருக்குள் இந்தச் சத்தம் எதுவும் கேட்பதில்லை, அதனால் அவன் குணமாகிவிட்டதாகத் தெரிகிறது. மையத்துக்குள் மூளை எதையும் மறக்கவில்லை. மறப்பதற்கு, அந்தப் பஸ் நிறுத்தத்தைப் போதையில்லாமல் பலமுறை கடந்து போயிருக்க வேண்டும். இரண்டு வருடம் அதைப் பார்க்காமலேயே இருந்தவனுக்கு அந்தப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

இது வெறும் ஊகம் இல்லை. 1982இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷெப்பர்ட் சீகல் எலிகளுக்கு ஓர் அறையில் ஹெராயின் கொடுத்தார், வேறோர் அறையில் வெறும் சர்க்கரைக் கரைசல் கொடுத்தார். பழகியபின் எல்லா எலிகளுக்கும் ஒரே பெரிய அளவை ஏற்றினார். ஹெராயினே அறியாத எலிகளில் 96 விழுக்காடு செத்தன. வழக்கமான ஹெராயின் அறையில் ஏற்றியவற்றில் 32 விழுக்காடு. சர்க்கரை அறையில் ஏற்றியவற்றில் 64 விழுக்காடு. உடம்பும் பழக்கமும் அளவும் ஒன்றுதான், அறை மட்டும் மாறியது, சாவு இருமடங்கானது. காலடிச் சத்தம் கேட்காத இடத்தில் உள்ளிருப்பவர் தயாராக இல்லை.

இதன் மறுபக்கத்தை மனிதர்களிடம் கண்டவர் அமெரிக்கச் சமூகவியலாளர் லீ ராபின்ஸ். 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரர்களில் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமைப்பட்டிருந்தார். ஊர் திரும்பியபின் முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் அவர்களில் 5 விழுக்காடு மட்டுமே. அவர்களின் தூண்டுகுறிகள் எல்லாம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. நம் பிள்ளையோ மையத்திலிருந்து நேராக அந்தத் தூண்டுகுறிகளின் நடுவேதான் இறங்குகிறான். அதே தாமான், அதே ஐந்தடி, அதே முகங்கள்.

பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டிய ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. ஏக்கம் அப்படியே இருக்கிறது, தாங்குதிறனோ இரண்டு வருடத்தில் கரைந்துவிட்டது. கை பழைய அளவையே எடுக்கும், உடம்பு அதைத் தாங்காது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையான 30,000 பேருக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. வெளிவந்த முதல் இரண்டு வாரத்தில் அளவு மீறிய போதையால் சாகும் அபாயம் அவர்களுக்குப் பொதுமக்களைவிட 129 மடங்கு. நலமாக வந்திருக்கிறான் என்று நாம் நிம்மதி அடையும் அந்த நாட்களில்தான் மூச்சு நின்றுபோகும் வாய்ப்பு மிக அதிகம்.

இனி மெத்தடோன். "ஒரு போதையை எடுத்துட்டு இன்னொன்னக் குடுக்கறாங்க" என்று நம் குடும்பங்களில் பலர் இதை வெறுக்கிறார்கள். அந்த வெறுப்பு எனக்குப் புரிகிறது, ஆனால் அதனால் உயிர்கள் போகின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஹெராயின் சில மணி நேரத்தில் ஏறி இறங்கும். ஒரு நாளில் பலமுறை கதவு இரு பக்கமும் அறைகிறது. மெத்தடோன் வாய்வழி குடிக்கும் திரவம், மெதுவாக ஏறி ஒரு நாளுக்கு மேல் நிற்கும். வெளியிலிருந்து சீரான, ஒரே அளவுத் தள்ளு கிடைப்பதால் கதவு அசையாமல் நிற்கிறது. கிறக்கம் இல்லை, நடுக்கமும் இல்லை. மேலே ஹெராயின் போட்டாலும் அது அமரும் இடத்தை மெத்தடோன் ஏற்கெனவே பிடித்திருப்பதால் பெரிதாக ஏறாது. வேலைக்குப் போகலாம், குடும்பம் நடத்தலாம். ஊசி வழி எச்ஐவி பரவியதைத் தடுக்க மலேசியா 2005இல் இதைத் தொடங்கியது. இன்று பல அரசு சுகாதார கிளினிக்குகளில் கிடைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனமும் அதே 2005இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

மனஉறுதிக் கேள்விக்கு ஹாங்காங் தந்த விடைக்கு வருவோம். 1970களில் அங்கே சிகிச்சை வேண்டும் என்று தாமாகவே வந்த 100 ஹெராயின் அடிமைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாரும் தினம் வந்து மருந்து குடித்தார்கள். ஒரு பாதிக்கு மெத்தடோன், மறு பாதியின் மெத்தடோன் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தப்பட்டு மருந்தில்லாத திரவமானது. யாருக்கு எது என்று குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. 32 வாரம் கழித்து மெத்தடோன் குழுவில் 76 விழுக்காட்டினர் சிகிச்சையில் நிலைத்திருந்தார்கள், மற்றதில் 10 விழுக்காடு. மூன்று வருடத்தில் 56க்கு 2. அத்தனை பேரும் விரும்பி வந்தவர்கள். சித்தப்பா சொல்லும் எண்ணம் இரு பக்கமும் சமமாகவே இருந்தது.

இப்போது நம் தெருக்களில் ஹெராயினைவிடப் பரவலாக இருப்பது சியாபு, அதாவது மெத்தம்ஃபெட்டமின். இதன் மாத்திரை வடிவம் பில் குடா. மெத்தடோன் போல இதற்கென்று நிலைபெற்ற மாற்று மருந்து இன்னும் இல்லை. சியாபு மூளையில் டோப்பமின் என்ற வேதிப்பொருளை வெள்ளமாக இறைக்கிறது. டோப்பமினை வெறும் இன்பச் சாறு என்று நினைக்க வேண்டாம். இது முக்கியம், மறுபடி செய் என்று மூளைக்குக் கற்றுக்கொடுப்பது அது. வெள்ளத்துக்குப் பின் வறட்சி வரும். நிறுத்தியவன் மாதக்கணக்கில் எதிலும் ருசி இல்லாமல் கிடப்பான். சாப்பாடு, சினிமா, பிள்ளையின் சிரிப்பு எதுவும் அவனைத் தொடாது. வீட்டில் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். நோரா வால்கோவின் குழு 2001இல் ஐந்து பேரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தது. நிறுத்திய முதல் மாதங்களில் குறைந்திருந்த டோப்பமின் கடத்திகள் 12 முதல் 17 மாதத்தில் குறிப்பிடத்தக்க அளவு மீண்டிருந்தன. ஐந்து பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, நினைவாற்றல் சோதனைகளும் முழுதாகத் தேறவில்லை. ஆனாலும் காலக்கணக்கை அது காட்டுகிறது. மூன்று மாதத்தில் "இன்னும் வேலைக்குப் போகலையா" என்று குத்துவது, முறிந்த காலை மாவுக்கட்டோடு ஓடச் சொல்வதற்குச் சமம்.

வீட்டில் எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது? சியாபு என்றால் இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லாமல் சுற்றுவான், பிறகு ஒரு நாள் முழுக்க அடித்துப்போட்டதுபோல் தூங்குவான். பசி போகும், எடை இறங்கும், கண்மணி விரிந்திருக்கும், பற்கள் கெடும், தோலைச் சுரண்டுவான். ஹெராயின் என்றால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், பேச்சின் நடுவே தலை சரியும், மலச்சிக்கல், அரிப்பு, வெயிலிலும் முழுக்கைச் சட்டை. இவற்றில் ஒன்றை வைத்து முடிவு கட்டாதீர்கள். மனச்சோர்வும் நீரிழிவும் தைராய்டும்கூட எடையையும் தூக்கத்தையும் மாற்றும். பார்மசியில் வாங்கும் சிறுநீர்ச் சோதனையும் ஏமாற்றும். கோடீன் கலந்த இருமல் மருந்து அபினி வகை என்று காட்டலாம், சில சளி மாத்திரைகள் மெத்தம்ஃபெட்டமின் என்று காட்டலாம். ஆய்வகத்தில் உறுதிப்படுத்தாமல் பிள்ளையைக் குற்றவாளியாக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் தாமதிக்கக் கூடாது. யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், சுவருக்குள் பேசுகிறார்கள் என்று அவன் சொல்லத் தொடங்கினால் அது சியாபு கிளப்பும் மனப்பிறழ்வாக இருக்கலாம். ஏவல், பில்லி சூனியம் என்று சாமி பார்க்கப் போவோர் நம்மில் உண்டு. வேண்டுதலை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, வரமாட்டேன் என்பவனைச் சிகிச்சைக்கு எப்படி அழைத்து வருவது? இதையும் சோதித்திருக்கிறார்கள். 1999இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மில்லர், மேயர்ஸ், டோனிகன் மூவரும், சிகிச்சையை மறுத்த குடிகாரர்களின் குடும்பத்தார் 130 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் ஆதரவுக் கூட்டங்களுக்குப் போனார்கள். இன்னொரு குழுவினருக்கு, உறவெல்லாம் கூடி நேருக்கு நேர் நின்று கேட்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவது குழுவினர் வீட்டில் நடந்துகொள்ளும் முறையை மாற்றப் பயிற்சி பெற்றார்கள். குடிக்காத நேரத்தில் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவது, குடித்த நேரத்தில் அமைதியாக விலகுவது, விளைவுகளை அவனுக்காகத் துடைக்காமல் இருப்பது, அடிதடி அபாயத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்வது, சரியான நொடி பார்த்துச் சிகிச்சையைப் பற்றிக் கேட்பது. முதல் குழுவில் 13 விழுக்காட்டினரும், நேருக்கு நேர் முறையில் 30 விழுக்காட்டினரும், மூன்றாவதில் 64 விழுக்காட்டினரும் தம் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு போதைப்பொருள் குடும்பங்களிலும் இம்முறை நல்ல பலன் தந்தது.

நம் வீட்டில் இது எப்படி ஒலிக்கும்? "நேத்து ராத்திரி நீ வரலன்னதும் எனக்குப் பயமா இருந்துச்சு தம்பி. இன்னிக்கு எங்கூட உக்காந்து சாப்பிடுற, மனசுக்கு நிறைவா இருக்கு. நாளைக்குக் காலையில கிளினிக் போலாமா, நானும் வர்றேன்." அம்மா சொன்னது தன் பயத்தையும் தன் நிறைவையும் மட்டுமே. அவன் குணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கடனை அடைக்க நகையை விற்பதும், வேலையிடத்துக்கு "காய்ச்சல்" என்று பொய் சொல்வதும் பாசத்தில் செய்வதுதான். ஆனால் பழக்கத்தின் விலையை அவன் உணராமலே போக அது வழிவிடுகிறது. ஒரு வேளைச் சோறும் படுக்க இடமும் கொடுங்கள், பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள்.

மையத்திலிருந்து வரும் நாள் தெரிந்துவிட்டால், விருந்துக்கு முன் ஏற்பாடு செய்ய வேண்டியவை உண்டு. ஹெராயின் பழக்கம் இருந்தவன் என்றால் எந்த கிளினிக்கில் மெத்தடோன் கிடைக்கும், எந்த நாளில் டாக்டரைப் பார்க்கலாம் என்று முன்கூட்டியே விசாரித்து முதல் வாரத்திலேயே கூட்டிப்போங்கள். பழைய எண்கள் இல்லாத புது சிம் கார்டு போட்டுக் கொடுங்கள். முடிந்தால் முதல் சில மாதம் வேறு ஊரில் மாமா வீட்டில் இருக்கட்டும், அங்கேயும் கிளினிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. மெத்தடோனைத் தூக்க மாத்திரையோடும் மதுவோடும் கலக்கவே கூடாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்தைப் பிள்ளைகள் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அவன் எழுப்பியும் எழாமல், உதடு நீலமாகி, மூச்சு இழுத்து இழுத்து வந்தால் 999ஐ அழையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

மெத்தடோன் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் ஹெராயினைத் தொட்டுவிட்டான் என்றால், பலர் வெட்கப்பட்டோ மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தோ கிளினிக் பக்கமே போகாமல் விட்டுவிடுகிறார்கள். விலக வேண்டிய நேரம் அது இல்லை. அளவு போதாததால் ஏக்கம் வந்திருக்கலாம், டாக்டர் அளவைச் சரிசெய்ய முடியும். அடுத்த நாள் காலையிலேயே அவனோடு போய், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.